வெள்ளைப் பக்கம் மேலே

மண்டபத்துப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள் முனீஸ்வரி. கக்கத்தில் ஒரு பிளக்ஸ் சுருள். ஒற்றைச் செருப்பு நடுவழியிலேயே கழன்று விழுந்தது. அதை எடுக்க அவள் நிற்கவில்லை.

"வண்டிய எடுங்கண்ணே."

ஜீப்பில் சாய்ந்தபடி வேல்பாண்டி அப்போதுதான் டீ கிளாஸை உதட்டில் வைத்திருந்தார். கையைக் காட்டி ஒரு நிமிஷம் கேட்டார். அவள் முகத்தைப் பார்த்தார். கடைக்காரரின் கிளாஸோடு வண்டி கிளம்பிவிட்டது.

வண்டி தேனி ஊரைத் தாண்டியது. பிறகு சுருளை மடியில் பிரித்துக் காட்டினாள். 'இலவச ரத்தப் பரிசோதனை முகாம், தகரக் காலனி, இன்று மாலை மூன்று மணி.' அதற்குக் கீழே ஐந்து பேர் வட்டத்துக்குள் கைகூப்பி நின்றார்கள். அதில் வேல்பாண்டியும் ஒருவர், கறுப்புக் கண்ணாடியோடு.

"நல்லாத்தான இருக்கு? எம்மூக்குதான் கொஞ்சம் பெருசாத் தெரியுது."

"இது காலனியில தொங்க வேண்டியதுண்ணே. இங்க மண்டபத்துக்கு வந்துருக்கு. அப்ப மண்டபத்துல தொங்க வேண்டியது இப்ப எங்கன தொங்குது?"

வேல்பாண்டியின் கால் தானாக அழுத்தியது. மிச்ச டீ அவர் வேட்டியில் கொட்டியது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை.

ஏனென்றால் மண்டபத்து பிளக்ஸில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியும்.

*

'ஆற்றோரத் துணை' என்று ஒரு சங்கம். கம்பம் பள்ளத்தாக்கில் எச்.ஐ.வி. பரவாமல் தடுப்பது அதன் வேலை. போன ஐப்பசியில் முல்லையாறு கரை புரண்டு ஒரு தெருவையே வாரிக்கொண்டு போன பிறகு அந்த வேலை இரட்டிப்பானது. வீடு போனவர்களை உத்தமபாளையத்துக்கு மேற்கே ஒரு மேட்டில் தகரக் கொட்டகை போட்டு உட்கார வைத்தார்கள். வயல் மணலுக்கடியில் போய்விட்டது. ஆம்பளைகள் லாரிக்கும், கேரளத்தில் கட்டட வேலைக்கும் கிளம்பினார்கள். பொம்பளைகள் விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போனார்கள். மாசக்கணக்கில் வீடு பிரிந்து கிடக்கிற இடத்தில்தான் இந்த நோய் புகுந்துகொள்ளும். ஆகவே சங்கமும் பின்னாலேயே போனது. பஞ்சர் கடையில் ஆணுறைப் பெட்டி வைத்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசியது. வேல்பாண்டியின் ஜீப்பிலேயே சாமி படத்துக்குக் கீழே ஒரு பெட்டி உண்டு. பாக்கிச் சில்லறை கொடுக்கும்போது அதிலிருந்தும் இரண்டு எடுத்து நீட்டுவார். வெட்கப்படுகிறவனிடம், சில்லறை இல்லப்பா, இதை வச்சுக்க என்பார்.

முனீஸ்வரி அதில் களப்பணியாளர். வாய்த்துடுக்கு, வேகம், ஊருக்கு ஊர் சிநேகம்.

சங்கத்துக்குள்ளே இன்னொரு சின்னக் கூட்டம் இருந்தது. கிருமியோடு வாழ்கிறவர்கள், பல ஊர்க்காரர்கள், மாத்திரை தவறாமல் தின்று பத்து வருஷம் தாண்டி ஆரோக்கியமாக இருக்கிறவர்கள். வருஷத்துக்கு ஒருநாள் தேனியில் ஒரு மண்டபத்தைப் பிடித்துக் கதவைச் சாத்திக்கொண்டு விழா எடுப்பார்கள். இந்த வருஷம் அவர்களுக்கு ஓர் ஆசை வந்தது.

காது குத்துக்கு பிளக்ஸ். சடங்குக்கு பிளக்ஸ். கிடா வெட்டுக்கு, கிரிக்கெட் ஜெயிச்சதுக்கு, எவனோ பட்டாளத்துலருந்து லீவுல வந்ததுக்கு பிளக்ஸ். நமக்கு மட்டும் இல்லையா என்று கேட்டார்கள். கதவைச் சாத்தின மண்டபத்துக்குள்ளே ரெண்டு மணி நேரம் தொங்கட்டும், அப்புறம் சுருட்டி பீரோவில் வைத்துவிடுவோம் என்றார்கள். முனீஸ்வரியால் மறுக்க முடியவில்லை.

எட்டு வட்டம், எட்டுச் சிரிப்பு. மேலே கொட்டை எழுத்தில், 'எச்.ஐ.வி.யோடு பத்தாண்டு கடந்த எங்கள் தங்கங்கள்.'

அந்த எட்டில் ஒன்று ஜக்கம்மா. தகரக் காலனி ஜக்கம்மா.

வெள்ளத்தன்றிலிருந்து காலனிக்குப் பொது அடுப்பு ஒன்றுதான், அதில் கரண்டி பிடிப்பது ஜக்கம்மாதான். அவள் வைக்கிற கத்திரிக்காய்க் குழம்புக்குக் காலனியே அடிமை. அந்தச் சம்பளத்தில்தான் மகளை நர்சிங் படிக்க வைக்கிறாள். அவளுக்குள் கிருமி இருப்பது காலனியில் ஒரு குருவிக்கும் தெரியாது. சோற்றில் ஒட்டாது, கரண்டியில் ஏறாது, ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவள் ரத்தத்தில் கிருமி டெஸ்ட்டிலேயே தட்டுப்படாத அளவுக்கு அடங்கிக் கிடக்கும் என்று முனீஸ்வரி கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லியிருக்கிறாள். கேட்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள். ஆனால் தலை ஆட்டுவது வேறு, தட்டை நீட்டுவது வேறு. ஒரே ஒருத்தி தட்டைப் பின்னால் இழுத்தால் போதும், ஜக்கம்மா கையிலிருந்து கரண்டி போய்விடும்.

இந்த வருஷ விழாவுக்கு அவளால் வர முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, காலனி மொத்தமும் சாப்பிட உட்காரும் நாள். எம்மூஞ்சி மட்டும் மண்டபத்துக்குப் போகட்டும், நான் இங்கன சோறாக்குறேன் என்று சிரித்தபடி சொல்லியனுப்பியிருந்தாள்.

மூஞ்சி இப்போது சோறாக்குகிற இடத்துக்கே போய்விட்டது.

*

மூன்று தடவை கூப்பிட்டாள். அடுப்படியில் நிற்கிற ஜக்கம்மா போனை எடுப்பதில்லை. பிளக்ஸ் கடை தங்கபாண்டியும் எடுக்கவில்லை.

காலனியில் வேறு யாரிடம் சொல்வது? வாசலில் தொங்குவதைக் கழற்றுங்கள் என்றால், ஏன் என்று முதலில் படித்துப் பார்ப்பார்கள். பிறகுதான் கழற்றுவார்கள்.

காலனிக்குத் தலைவி மாதிரி இருந்தது பிச்சையம்மாள். அவளைக் கூப்பிடலாமா என்று வேல்பாண்டி கேட்டபோது முனீஸ்வரி பதறிக் கையை ஆட்டினாள். அம்பது வயசு, ஆறு ஊருக்குக் கேட்கிற தொண்டை. சங்கம் நடத்திய ஒரு முகாமுக்கும் அவள் கை நீட்டியதில்லை. எனக்கெதுக்குடி ஊசி, ஒனக்கு வேற சோலி இல்லையா என்று முகத்துக்கு நேரே கேட்பாள். தலைவியே வராத முகாமுக்கு மற்றவர்கள் எப்படி வருவார்கள்? போன இரண்டு முகாமிலும் நர்சம்மா ஈ ஓட்டினார்கள். அவள் ஒழுங்காகப் போகிற இடம் ஒன்றே ஒன்று, மாசாமாசம் மதுரை. மூட்டு வலிக்கு வைத்தியமாம். மற்றபடி காலனியில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, முத பந்தி. யார் உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் சோறு இறங்கியதும் முதல் தட்டு அவளுடையதுதான். சாமிக்குப் படைக்கிற வரைக்குமாவது பொறுக்கக் கூடாதா என்று கேலி பேசுவார்கள். அவள் காதில் வாங்குவதில்லை.

"வேணாம்ணே. அவுக படிச்சா ஊருக்கே மைக் வச்ச மாதிரி. நீங்க மிதிங்க."

மிதித்தார். வீரபாண்டி வந்தது. வண்டி நின்றது.

சித்திரைத் திருவிழா. கௌமாரியம்மன் கோயிலைப் பார்த்து ரோடு முழுக்க மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக ஜனம். லாரி, பஸ், டிராக்டர் எல்லாம் கும்பிட்டபடி நிற்கின்றன. வேல்பாண்டி தலையை வெளியே நீட்டி வழி பார்த்தவர், அப்படியே அவள் தோளைத் தட்டினார்.

கூட்டத்தின் நடுவே இடுப்பில் மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை, இரண்டு கையிலும் தகதகவென்று தீச்சட்டி. பிளக்ஸ் கடை தங்கபாண்டி.

முனீஸ்வரி வண்டியிலிருந்து குதித்தாள். வழியெல்லாம் அவள் சேர்த்து வைத்திருந்த வசவு நாக்கு நுனியில் நின்றது. நிற்கத்தான் முடிந்தது. தீச்சட்டி ஏந்தியவரை யாரால் திட்ட முடியும்? பக்கத்தில் இருந்த அம்மா அவள் கையில் ஒரு செம்புத் தண்ணீரைத் திணித்து, ஊத்து தாயி என்றார். ஊற்றினாள். கொலைவெறியோடு அவர் காலில் தண்ணீர் ஊற்றிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, காலனியில கட்டுனீகளா?"

தங்கபாண்டி கண்ணைப் பாதி மூடி, அம்மன் பேசுகிற மாதிரியே நிதானமாகச் சொன்னார். "விடியுமுன்னயே கட்டிட்டேன் தாயி. வாசல்லயே, எல்லாரும் பாக்குற மாதிரி. எட்டு மொகமும் பளிச்சுன்னு விழுந்துருக்கு."

சொல்லிவிட்டு அவள் நெற்றியில் விபூதியையும் பூசிவிட்டார். ரெண்டு சுருளும் ஒரே சைஸு, எது எந்த எடத்துக்குன்னு மாறிப்போச்சு என்பதை அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவர் நெருப்போடு நகர்ந்தார். அவளும் அடிவயிற்றில் நெருப்போடு வண்டி ஏறினாள்.

வேல்பாண்டி பின்னால் எடுத்து, தென்னந்தோப்புக்குள் திருப்பி, வாய்க்கால் கரையோரமாகவே விட்டார். ஏலத்தோட்டத்து மலை ரோட்டில் ஓட்டிப் பழகிய கை. ஒரு பக்கம் டயர் தண்ணீரில், ஒரு பக்கம் வரப்பில். வழியில் தேனியிலிருந்து போன் வந்தது. மண்டபத்தில் காத்திருந்த ஏழு பேருக்கும் விஷயம் தெரிந்து முதலில் விக்கித்துப் போனார்களாம். ஜக்கம்மாவுக்கு ஒன்று ஆனால் எல்லாரும் காலனிக்கே வந்து அவள் கையால் சாப்பிட்டுக் காட்டுகிறோம் என்கிறார்களாம். வேன் பேசச் சொல்லி ஒருத்தர் கிளம்பியே விட்டாராம்.

முனீஸ்வரிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. யாரும் அசையாதீக, நான் பாத்துக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தாள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் தெரியவில்லை.

*

காலனி வாசலில் இரண்டு சவுக்குக் கம்பம் நின்றது. கம்பத்தில் அறுந்த கயிறு ஆடிக்கொண்டிருந்தது.

பிளக்ஸ் இல்லை.

முதலில் அவளுக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே போனது. தகரக் காலனியில் ஒரு பிளக்ஸ் காணாமல் போனால் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும்.

கூரைக்குப் போகும்.

வெயில் காலத்தில் தகரத்துக்கு மேலே பிளக்ஸ் விரித்தால்தான் உள்ளே மனுஷன் இருக்க முடியும். பள்ளத்தாக்கில் எங்கே விழா முடிந்தாலும் அந்த பிளக்ஸ் கடைசியில் இங்கேதான் வந்து சேரும். ஒரு கூரையில் யாரோ புதுமணத் தம்பதி. ஒரு சுவரில் சடங்கான பெண். கோழிக்கூண்டின் மேல் கண்ணீர் அஞ்சலி. வேட்பாளர் ஒருவர் கைகூப்பியபடி கக்கூஸ் கதவாகத் தொங்கினார். இந்தச் சிரிப்புக் கடலில் எட்டுச் சிரிப்பை எங்கே தேடுவது?

அவள் ஒரு வரிசையில் ஓடினாள், வேல்பாண்டி ஒரு வரிசையில். ஒருத்தரையும் காணோம். கொட்டகை எல்லாம் திறந்து கிடக்க, ஆள் நடமாட்டமே இல்லை. மேட்டின் அந்தப் பக்கம், பொது அடுப்புப் பக்கமிருந்து மட்டும் கசகசவென்று சத்தம். கூடி நின்று சண்டை போடுகிற சத்தம் மாதிரியே இருந்தது.

மூச்சு வாங்க மேட்டைத் தாண்டினாள்.

சண்டை இல்லை. பந்தி. வேப்பமரத்து நிழலில் ரெண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்து காலனியே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. குழம்பு மணம் மேட்டையே தூக்கியது. வாளியும் கரண்டியுமாக ஜக்கம்மா வரிசைக்கு வரிசை ஓடி ஊற்றிக்கொண்டிருந்தாள். யாரோ ஏதோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.

தெரியாது. இன்னும் யாருக்கும் தெரியாது.

"வந்தவ நிக்காத. உக்காரு," என்றது ஆறு ஊருக்குக் கேட்கிற தொண்டை.

வரிசையின் முனையில் சப்பணம் போட்டுப் பிச்சையம்மாள். அவள் தட்டு பாதி காலி. முனீஸ்வரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் கைக்கு ஒன்று தட்டுப்பட்டது. வழக்கமாகக் கோரைப்பாய் விரிக்கிற இடத்தில் இன்றைக்கு என்னவோ வழவழவென்று. நீளமாக, பளிச்சென்ற வெள்ளையாக.

ஓரத்தை மெதுவாகத் தூக்கினாள். அடியிலிருந்து ஜக்கம்மா அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

ஒரு கனத்த உள்ளங்கை வந்து அந்த ஓரத்தைத் தரையோடு அழுத்தியது.

"சாப்புடுற எடத்துல விரிப்பப் பொரட்டக் கூடாதுடி," என்றாள் பிச்சையம்மாள். குரல் அவளுடையதே இல்லை போல அத்தனை சன்னமாக இருந்தது. "வெள்ளைப் பக்கந்தான் மேல இருக்கணும்."

பிச்சையம்மாள் இதைப் பார்த்திருக்கிறாள். படித்திருக்கிறாள். எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். இனி அந்தத் தொண்டை திறந்தால் தீர்ந்தது.

தொண்டை திறந்தது.

"ஏய் ஜக்கம்மா, இங்கன ஒரு கரண்டி ஊத்து. காய் நெறயப் போடு. எனக்கு ஊத்திட்டு இந்தத் தேனிக்காரிக்கும் வையி, மூஞ்சி வெளுத்துப் போயிக் கெடக்குறா."

பந்தியே சிரித்தது. முத பந்தி ரெண்டாவது பந்தியும் திங்குது என்று எவளோ சொன்னாள். ஜக்கம்மா குழம்பு ஊற்றினாள். முனீஸ்வரி அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரி வாழ்க்கையில் சாப்பிட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் என்று சொல்லிக்கொண்டாள்.

*

சரியான பிளக்ஸை வேல்பாண்டி வாசலில் கட்டினார். உடனே வம்பு வந்தது.

கருத்தம்மாள் என்று ஒருத்தி, ஏலத்தோட்டத்துக்கு அவர் ஜீப்பிலேயே போகிறவள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். இது எங்க காலனி வாசல், இதுல எதுக்கு இந்த ஆளு மூக்கு? எங்க மொகமெல்லாம் ரோட்டுலயா கெடக்கு? மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கூரையில் இத்தனை பேர் மூஞ்சி இருக்கிறது, ஒன்றுகூடத் தங்களுடையது இல்லை என்பது அவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

வேல்பாண்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, இன்னிக்கு ரத்தம் குடுக்குறவுகளுக்கு அடுத்த பிளக்ஸ்ல ஆளுக்கொரு வட்டம் என்று விளையாட்டாக எடுத்துவிட்டார். முனீஸ்வரி அதைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டாள். வந்து பார்த்துக்கொண்டதற்குத்தான் வட்டம் என்றாள். முடிவு என்ன என்பது அவரவர்க்கும் நர்சம்மாவுக்கும் மட்டும், அதை எந்த வாசலிலும் எவனும் கட்ட மாட்டான் என்றாள். பக்கத்தில் நின்ற பிச்சையம்மாள் கூட்டத்தைப் பார்த்து, இன்னும் என்னடி பராக்கு, போய் நில்லுங்க என்று ஓர் அதட்டல் போட்டாள்.

மூன்று மணிக்கு நர்சம்மா வந்தபோது வரிசை வேப்பமரத்தைச் சுற்றி வளைந்து நின்றது. பவுடர் பூசிக்கொண்டு வந்தவர்கள்கூட உண்டு. விரலில் குத்துமுன் போட்டோ எடுப்பீகளா, குத்தின பிறகா என்று கேட்டார் ஒருத்தர். லீவில் வந்திருந்த லாரிக்காரர்கள் வேல்பாண்டியின் பெட்டியைக் காலி செய்தார்கள், சில்லறை கேட்காமலே.

பிச்சையம்மாள் மட்டும் வரிசையில் நிற்கவில்லை. வாங்க பெரியம்மா என்று முனீஸ்வரி கூப்பிட்டாள். எனக்கெதுக்குடி ஊசி என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் ஜீப் கிளம்பும் நேரத்தில் மஞ்சள் பையோடு வந்தாள். பைக்குள்ளே ஈரத் துணியால் துடைத்து மடித்த பிளக்ஸ்.

"இந்தா, ஒன் தங்கங்களக் கூட்டிட்டுப் போ. காலு ஒண்ணுகூட மொகத்துல படல. தட்டு வைக்கிற பக்கமாப் பாத்துத்தான் மொகங்கள வச்சு விரிச்சேன்."

விடியற்காலையில் எழுந்து வாசலுக்கு வந்தவள் அவள்தானாம். பார்த்ததும் அரிவாளால் கயிற்றை அறுத்தாளாம். கூரையில் போட்டால் காற்றில் புரளும், எரித்தால் புகை கேள்வி கேட்கும். எல்லாரும் மேலே உட்கார்ந்துகொண்டால் எவனும் புரட்டிப் பார்க்க மாட்டான் என்று தோன்றியதாம்.

"ஜக்கம்மாக்கா சங்கதி ஒங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியுமா பெரியம்மா?"

"வெள்ளத்தன்னிக்கே தெரியும். பள்ளிக்கூட மாடியில எல்லாரும் நகையத் தேடுறாக. இவ நனைஞ்ச மூட்டையத் தொழாவி ஒரு மாத்திரை டப்பாவத் தேடி எடுத்து, உள்ள தண்ணி போச்சான்னு காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாத்தா. மறுநா ரெண்டு பேரு இவ புருசன் எதுல செத்தான்னு குசுகுசுன்னாளுக. சோறு எறங்குச்சு. எவளும் அசையல. நாந்தான் மொத தட்ட நீட்டுனேன். அன்னையிலருந்து நீட்டுறேன். முத பந்தின்னு பேரு வச்சாளுக. வச்சா வச்சிட்டுப் போறாளுக."

முனீஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் ஒன்று உறுத்தியது. டப்பாவைப் பார்த்ததும் எப்படித் தெரியும்? சத்து மாத்திரை, சுகர் மாத்திரை என்றுதானே யாரும் நினைப்பார்கள்? கேட்டாள்.

பிச்சையம்மாள் பிளக்ஸின் மேல் கையை வைத்து வேறொன்று சொன்னாள்.

"இதுல எட்டு வட்டந்தான் இருக்கு. வர்ற வருசம் ஒம்பதாப் போடச் சொல்லு."

"ஒம்பதாவது யாரு பெரியம்மா?"

மஞ்சள் பைக்குள் கையை விட்டு அவள் ஒரு வெள்ளை டப்பாவை எடுத்தாள். காதுகிட்ட வைத்து ஒரு தடவை ஆட்டினாள். ஜக்கம்மாவிடம் இருக்கிற அதே டப்பா.

"மதுரைக்கு மூட்டு வலிக்கா போறேன்னு நெனச்ச? பன்னெண்டு வருசமாச்சு," என்றாள். "போட்டோக்காரன்கிட்ட மட்டும் சொல்லி வையி. மூக்குத்தி தெரியணும்."